புதிதாக ஆசிரியர் வேலை: சமூக வலைத்தளக் கணக்குகளையும் போன் நம்பரையும் என்ன செய்வது?

சாக்பீஸ்தூள் (கேள்வி):
வணக்கம். அடுத்த மாதம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆசிரியராகச் சேர்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து என் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் திறந்தேதான் கிடக்கின்றன. அதற்குள் மாணவர்கள் சிலர் இன்ஸ்டாவில் கண்டுபிடித்து ஃபாலோ செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்க என் நம்பரையும் கேட்கிறார்கள். கணக்குகளை மொத்தமாக அழித்துவிடலாமா, செட்டிங்ஸ் மாற்றினால் போதுமா? நம்பரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வெண்பலகை:
அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். வெளியாள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள். பிரவுசரில் உங்கள் கணக்கு எதுவும் திறந்திராத இன்காக்னிட்டோ ஜன்னலில் உங்கள் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்துகளில் எத்தனை விதமாக எழுதுவீர்களோ அத்தனை விதத்திலும் ஒருமுறை. பிறகு பழைய யூசர்நேம், போன் நம்பர், மின்னஞ்சல். படத் தேடல் பக்கத்தையும் விட வேண்டாம். மறந்துபோன கணக்குகள் பெரும்பாலும் யூசர்நேமைப் போட்டுத் தேடும்போதுதான் சிக்கும்.

ஃபேஸ்புக்கில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. பொதுவில் போட்ட பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என மாற்றிவிடும். ஆனால் அதே மாதிரி ஒரே தட்டில் பழையபடி திருப்ப முடியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். கவர் படம் எப்போதும் பொதுவில்தான் இருக்கும், அதற்கு ஏற்ற படமாக வையுங்கள். பழைய புரொஃபைல் படங்களுக்குத் தனித்தனி அமைப்பு உண்டு, அந்த ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். மற்றவர் உங்களை டேக் செய்த பதிவு உங்கள் பக்கத்தில் வரும் முன் உங்களிடம் கேட்கும் ரிவ்யூ அமைப்பை ஆன் செய்யுங்கள். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: நண்பர் தன் பக்கத்தில் போட்ட படம் அவருடைய அமைப்பின்படிதான் தெரியும். டேக்கை எடுத்தாலும் படம் அங்கேயே இருக்கும். எடுக்கச் சொல்லி அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்ஸ்டாவைப் பிரைவேட் ஆக்கினால் ஏற்கெனவே உள்ளே வந்தவர்கள் வெளியே போகமாட்டார்கள். ஃபாலோயர் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராக நீக்குங்கள். அவர்களுக்கு அறிவிப்பு போகாது. பிசினஸ் கணக்காக மாற்றி வைத்திருந்தால் முதலில் பெர்சனலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பிரைவேட் ஆக்க முடியாது. புரொஃபைல் படமும் பயோவும் பிரைவேட்டிலும் எல்லோருக்கும் தெரியும். வேறொருவரின் பொதுப் பதிவில் நீங்கள் போட்ட கமெண்டும் அப்படித்தான். நடிகர் பக்கத்தில் யாரோடோ மல்லுக்கட்டியது இருந்தால் தேடி அழித்துவிடுங்கள்.

மணியடிப்பவர்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் நடைமுறையில் தொல்லை அதிகம் வருவது இன்ஸ்டாவில் அல்ல, வாட்ஸ்அப்பில்தான்.

சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் நம்பர்களையும் போனில் சேமித்தால் என்ன ஆகும்? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இயல்பாகவே உங்கள் தொடர்புப் பட்டியலுக்குத் தெரியும்படிதான் இருக்கும். இரண்டு பக்கமும் நம்பர் சேமித்திருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் ஆடிய வீடியோ திங்கள் காலை வகுப்புக்கு முன்பே வகுப்பறைக்குள் போய்விடும். பார்த்தது பெற்றோராக இருந்தாலும் போன் பிள்ளையின் கையில்தானே இருக்கும்!

அதனால் இரண்டாவது சிம் ஒன்று வாங்குங்கள். இரட்டை சிம் போனில் சொந்த நம்பருக்கு வாட்ஸ்அப், பள்ளி நம்பருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் என்று இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். பிசினஸில் 'அவே மெசேஜ்' இருக்கிறது. வேலை நேரத்தைக் குறித்துவிட்டால் மற்ற நேரத்தில் வரும் செய்திக்குத் தானே பதில் போகும். 'மாலை 5 மணிக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு அடுத்த வேலை நாளில் பதில் அளிக்கப்படும். அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்தை அழைக்கவும்' என்று வைத்தால் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். போனில் இணையம் இருந்தால்தான் அந்தப் பதில் போகும். ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டால் மறுமுனையில் மௌனம்தான், 'டீச்சர் பதிலே போடவில்லை' என்ற பேச்சும் வரும். டேட்டா ஓடட்டும், அந்த ஆப்பின் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணையுங்கள்.

குழு என்றால் 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்ற அமைப்பை வையுங்கள். சாதாரணக் குழுவில் ஒவ்வொரு பெற்றோரின் நம்பரும் மற்றவர்களுக்குத் தெரியும். இதைப் பலர் யோசிப்பதில்லை. பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் நல்ல வழிதான், ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 'எனக்கு வரவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

புளூ டிக்கை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். குழுவில் நீங்கள் படித்தது அனுப்பியவருக்குத் தெரியும். மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய பேச்சைக் குழுவில் தொடவே தொடாதீர்கள். மறையும் செய்திகள் வசதியையும் இந்த நம்பரில் பயன்படுத்த வேண்டாம். பின்னால் புகார் வந்தால் உங்களுக்குத் துணை நிற்கப்போவது அந்த உரையாடல்தான்.

ஓரவரி:
மாணவர்களுக்காகத் தனியாக ஒரு 'டீச்சர்' இன்ஸ்டா கணக்கு திறக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனிச் செய்திப் பெட்டி அங்கேயும் திறந்தே இருக்கும், பள்ளிக்கு அதில் எந்தப் பார்வையும் இல்லை. பாடம் சம்பந்தப்பட்டது எல்லாம் பள்ளி கொடுத்த மின்னஞ்சல், வகுப்பு ஆப் வழியாக மட்டும் போகட்டும்.

ரிக்வெஸ்ட் வந்தால் ஒரே விதி, எல்லோருக்கும். நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றுக்கொண்டால் அடுத்த நாளே வகுப்பில் பேச்சாகும். நேரில் கேட்டால் 'படிக்கிற வரைக்கும் யாரையும் சேர்ப்பதில்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், விளக்கம் தேவையில்லை. வேடிக்கையான விடைத்தாளைப் படம் எடுத்துப் போடும் ஆசையும் வரும். பெயரை மறைத்தாலும் கையெழுத்தைப் பார்த்தே வகுப்புத் தோழர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

சாக்பீஸ்தூள்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ராத்திரி 11 மணிக்கு ஒரு மாணவன் தனிச் செய்தி அனுப்பினால் பதிலே போடக் கூடாதா?

மணியடிப்பவர்:
என்ன செய்தி என்பதைப் பொறுத்தது. நோட்ஸ், தேர்வுத் தேதி என்றால் அப்போது பதில் வேண்டாம். மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்.

'உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை', 'வீட்டில் அடிக்கிறார்கள்' மாதிரி வந்தால் மேலே சொன்ன நேர விதியெல்லாம் செல்லாது. உடனே பதில் போடுங்கள். 'நீ சொன்னது நல்லது. இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்லப் போகிறேன்.' யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. அந்த ராத்திரியே தலைமை ஆசிரியருக்கோ பள்ளியின் ஆலோசகருக்கோ போன் செய்யுங்கள், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவி எண்ணுக்கு. வீட்டில்தான் பிரச்சினை என்றால் பெற்றோருக்கு நீங்களாக அழைக்க வேண்டாம். அந்த முடிவைப் பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் எடுக்கட்டும். தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவரிடம் மட்டும் கொடுங்கள், ஆசிரியர் குழுவில் போடாதீர்கள்.

வெண்பலகை:
இன்னொன்று விட்டுப்போனது. வகுப்பில் லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் போடுவீர்கள் அல்லவா? பிரவுசரில் பள்ளி மின்னஞ்சலுக்கு என்று தனி புரொஃபைல் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து தட்டியதுமே நீங்கள் நேற்று தேடியதெல்லாம் பின்வரிசை வரை தெரியும். ஆன்லைன் வகுப்பில் முழுத் திரையைப் பகிராமல் அந்த ஒரு டேபை மட்டும் பகிருங்கள்.