24 ஃப்ரேமில் ஃப்ளிக்கர்: விளக்கை மாற்றணுமா, ஷட்டரை மாற்றணுமா?

ஒளிப்பித்தன்
ஃப்ளிக்கரைப் பற்றி, அதாவது படத்தில் வெளிச்சம் துடிப்பதைப் பற்றி, ரிக்ராஜா இந்த மன்றத்தின் இன்னொரு இழையில் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவர் சொன்னது இதுதான்: "லொகேஷனில் ஃப்ளிக்கர் வந்தால் விளக்கு மட்டமானது என்று அர்த்தம். சி.ஆர்.ஐ. 95க்கு மேல் உள்ள எல்.இ.டி. வாங்குங்கள். ஷட்டர் 180 டிகிரியில்தான் இருக்கணும், அதைத் தொடாதீர்கள்." கீழே வரிசையாக நன்றி வேறு.

சி.ஆர்.ஐ. என்பது அந்த வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு ஒழுங்காகத் தெரிகிறது என்று காட்டும் எண். விளக்கு துடிக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விஷயம் எளிது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண குழல்விளக்கும் மலிவு பல்பும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நொடிக்கு 24 ஃப்ரேமில் ஷட்டரை 180 டிகிரி, அதாவது அரைவட்டம், திறந்து வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 நொடி வெளிச்சம் வாங்கும். அதற்குள் இரண்டு துடிப்பும் கொசுறாகக் கொஞ்சமும் விழும். அந்தக் கொசுறு ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடத்தில் விழுவதால் படத்தின் வெளிச்சம் நொடிக்கு 4 முறை ஏறி இறங்கும். 172.8 டிகிரி வையுங்கள். ஷட்டர் 1/50, சரியாக இரண்டு துடிப்பு, ஏற்ற இறக்கம் போய்விடும். 60 ஹெர்ட்ஸ் இடமென்றால் 144 டிகிரி. காசு கொடுத்து விளக்கு வாங்கத் தேவையில்லை.

ரிக்ராஜா
என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. கிம்பல் (கேமரா நடுங்காமல் பிடிக்கும் மோட்டார் கருவி) விஷயத்தில் நான் உங்களைத் திருத்தியதிலிருந்து என் பின்னாலேயே வருகிறீர்கள், எல்லோருக்கும் தெரியும்.

180 டிகிரியில்தான் அசைவு இயல்பாக இருக்கும். அதைக் குறைத்தால் படம் வெட்டி வெட்டித் தெரியும். ஒரு மட்டமான பல்புக்காக மொத்தப் படத்தின் அசைவையும் மாற்றச் சொல்கிறீர்களா? நல்ல விளக்கு வாங்கு என்று சொன்னதில் என்ன தப்பு?

ஒளிப்பித்தன்
180இலிருந்து 172.8க்கு வந்தால் குறைவது 4 சதவீதம். வெளிச்சத்தில் 0.06 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அந்த வித்தியாசம் கண்ணில் தெரிகிறது என்று சொல்பவர் இரண்டு க்ளிப்பையும் பெயர் மறைத்துப் போட்டுக் காட்டட்டும். 90 டிகிரிக்கு இறக்கினால் வெட்டி வெட்டித் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். நான் 90 சொல்லவில்லை. 172.8 சொன்னேன்.

லொகேஷன் என்றாலே அங்கே ஏற்கெனவே மாட்டியிருக்கும் விளக்குகள் உண்டு. கடையின் கூரையில் இருக்கிற குழல்விளக்கு அத்தனையையும் கழற்றிவிட்டு உங்கள் 95ஐ மாட்டுவீர்களா?

பழையகாஃபர்
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 172.8 மந்திரம் இல்லை, தம்பி. மின்சாரம் சரியாக 50இல் இருந்தால்தான் அந்தக் கணக்கு. சாதாரண ஜெனரேட்டரில் லோடு ஏற ஏற ஹெர்ட்ஸ் நகரும். 48க்கு இறங்கினால் நொடிக்கு 96 துடிப்பு, அங்கே 1/48தான், அதாவது 180தான் சரி. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பழைய மேக்னடிக் பலாஸ்ட் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போட்ட ஹெச்.எம்.ஐ. என்ற பெரிய படப்பிடிப்பு விளக்கில் இதை நாங்கள் பட்டுப் பட்டுக் கற்றோம். எலக்ட்ரானிக் பலாஸ்ட் வந்த பிறகுதான் நிம்மதி. டங்ஸ்டனில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, பல்புக்குள் இருக்கும் கம்பி ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும்.

ரிக்ராஜா, அந்த இழையில் நீங்கள் போட்ட படத்தில் விளக்கைத் தாங்கும் சி-ஸ்டாண்டின் தாழ்ந்த காலில் மணல்மூட்டை கிடக்கிறதே, அதை முதலில் சரிசெய்யுங்கள். மூட்டை உயர்ந்த காலில் தொங்கணும், அந்தக் கால் பாரம் நீட்டியிருக்கும் பக்கம் பார்க்கணும். உங்கள் மூட்டை தரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த எடை ஸ்டாண்டுக்குப் போகவே இல்லை.

ரிக்ராஜா
மணல்மூட்டை பற்றி இங்கே யார் கேட்டது? ஸ்டாண்டு விழவில்லையே.

பழையகாஃபர்
விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கீழே நிற்பது ஒரு ஆள்.

புதியவன்24
அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். என் எல்.இ.டி. பேனலை 20 சதவீதத்துக்குக் குறைத்தால் படத்தில் மெல்லிய கோடுகள் வருகின்றன. 100இல் வைத்தால் இல்லை. பேட்டரியில் ஓட்டினாலும் அதே கோடுகள். 172.8 வைத்துப் பார்த்தேன், போகவில்லை.

ரிக்ராஜா
பார்த்தீர்களா? போகவில்லை. விளக்கு மட்டம்.

பழையகாஃபர்
தம்பி, பேட்டரியிலும் வருகிறது என்றால் அது மின்லைன் துடிப்பு இல்லை. உன் பேனல் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக எல்.இ.டி.யையே வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அது கோடாக விழுகிறது. 100இல் வைத்துவிட்டு முன்னால் டிஃப்யூஷன் (வெளிச்சத்தை மென்மையாக்கும் திரை) போடு, இல்லை விளக்கைத் தள்ளி வை. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும், இரண்டு ஸ்டாப் குறையும். கேமராவில் ஷட்டரைப் பொடிப்பொடியாக நகர்த்தும் வசதி இருந்தால் அதிலும் தேடிப் பார்.

ஒளிப்பித்தன்
புதியவன்24க்கு வந்தது வேறு நோய். நான் முதல் பதிவிலேயே மின்லைனில் ஓடும் விளக்கு என்றுதான் எழுதினேன், மேலே போய்ப் பாருங்கள். 172.8 தப்பு என்று இதில் எங்கே வந்தது? ரிக்ராஜா ஒருவர் கேள்விக்கும் பதில் சொல்லாமல் "பார்த்தீர்களா" என்று குதிக்கிறார். அந்தப் பேனலின் சி.ஆர்.ஐ. 96ஆக இருந்தால் என்ன சொல்வார்?

புதியவன்24
பெட்டியில் 97 என்று போட்டிருக்கிறது.

ஒளிப்பித்தன்
97! இதற்கு மேல் நான் என்ன சொல்ல? 97 உள்ள விளக்கில் கோடு. கூடவே, சி.ஆர்.ஐ. சராசரி எட்டு வெளிர் நிறங்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அடர்ந்த சிவப்பு, அதாவது ஆர்9, அந்தச் சராசரியிலேயே கிடையாது. முகத்தின் நிறத்துக்கு அதுதான் முக்கியம். கேமராவுக்கென்று டி.எல்.சி.ஐ. என்ற அளவு இருக்கிறது, அதைப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன். 95, 95 என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

ரிக்ராஜா
172.8ஐப் பிடித்துத் தொங்குபவர் என்னைச் சொல்கிறார். சரி, 120 ஃப்ரேமில் எடுங்கள் பார்ப்போம். அங்கே ஷட்டரை முழுசாகத் திறந்தாலும் 1/120தான். ஒரு துடிப்பு முடிய 1/100 வேண்டும். எந்த டிகிரியும் காப்பாற்றாது, விளக்கைத்தான் மாற்றணும். ஸ்லோ மோஷன் எடுத்தவனுக்குத் தெரியும்.

ஒளிப்பித்தன்
தலைப்பே 24 ஃப்ரேம். 120க்கு ஓடிவிட்டீர்கள். நாளைக்கு 1000 ஃப்ரேம் என்பீர்கள்.

அப்புறம் கிம்பலை நீங்களே இழுத்ததால் கேட்கிறேன். படம் நடுங்குகிறது என்று வந்தவரிடம் மோட்டார் பலத்தைக் கூட்டச் சொன்னது யார்? பலம் அதிகமானால் பொடி நடுக்கம் கூடும். லென்ஸ் மூடியைக் கழற்றி, பேட்டரியும் கார்டும் போட்டு, மோட்டாரை அணைத்து, மூன்று அச்சிலும் விட்ட இடத்தில் நிற்கும்வரை பேலன்ஸ் செய்யணும். மோட்டார் அதற்குப் பிறகுதான்.

ரிக்ராஜா
அவருடைய லென்ஸ் கனமானது. பலம் போதவில்லை. பேலன்ஸ் செய்துவிட்டேன் என்று அவரே சொல்லியிருந்தார். பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவது உங்கள் பழக்கம்.

ஷோல்டர்ரிக்
கனமான லென்ஸை எதற்குக் கிம்பலில் ஏற்றுகிறீர்கள்? தோளில் போடுங்கள், பின்னால் வி-மவுண்ட் என்ற பெரிய கேமரா பேட்டரியை வைத்தால் எடை தானே சரியாகும். விமானத்தில் போவதென்றால் 100 வாட்-ஹவருக்குள் உள்ளதாக வாங்குங்கள், அதற்கு மேல் 160 வரை முன் அனுமதி கேட்கணும்.

பழையகாஃபர்
பேட்டரி இருக்கட்டும். ஒளிப்பித்தன், ஜெனரேட்டர் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஹெர்ட்ஸ் நகர்ந்தால் உங்கள் 172.8 என்ன ஆகும்?

ஒளிப்பித்தன்
மின்சாரம் சரியில்லை என்றால் மின்சாரத்தைச் சரிசெய்யணும். 50 ஹெர்ட்ஸ், 24 ஃப்ரேம், 172.8. இதில் எந்த எண் தப்பு என்று இத்தனை பதிவுக்கும் பிறகு ஒருவராவது காட்டினீர்களா?

ரிக்ராஜா
25 ஃப்ரேமில் எடுத்தால் 180 டிகிரியே 1/50. தொடவே வேண்டாம். நான் அதைத்தான் சொன்னேன்.

ஒளிப்பித்தன்
25 என்று நீங்கள் எழுதிய வரியைக் காட்டுங்கள்.