பக்கத்துக் கூடாரத்துப் பையன்

காணாமல்போன ஐடஹோ பையனைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு மனசு கனத்துவிடும். பிள்ளை இன்னொருவரிடம் இருக்கிறான் என்று கூட இருந்தவர்கள் நினைத்ததாகச் சொல்வது பொய்தான் என்கிறீர்கள் நீங்கள். 2015 ஜூலை 10, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் லெடோர் ஊருக்குப் பக்கத்து மலைக்காடு, டிம்பர் கிரீக் முகாம். பையனுக்கு இரண்டு வயது. கூட இருந்தவர்கள் அப்பா, அம்மா, கொள்ளுத்தாத்தா, அவருடைய நண்பர். தாத்தாவிடம் இருக்கிறான் என்று பெற்றோர் நினைத்தார்கள். பெற்றோரோடு போய்விட்டான் என்று தாத்தா நினைத்தார். ஹெலிகாப்டர், மோப்ப நாய், முக்குளிப்பவர்கள் என்று தேடியும் அவன் போட்டிருந்த பூட்ஸ்கூடக் கிடைக்கவில்லை.

நாங்கள் மலேசியாவில் செராஸ்காரர்கள். பள்ளி விடுமுறையில் ஹுலு லங்காட் பக்கம் ஆற்றோரமாகக் கூடாரம் போடுவோம். ஒருமுறை பக்கத்தில் கிள்ளானிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. இருட்டப் போகிற நேரம், கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். "தம்பி எங்கம்மா?" என்று பாட்டி கேட்டார். "உங்ககூடத்தானே இருந்தான் அத்தை?" என்றார் அந்த அம்மா. சித்தப்பா திரும்பி ஆற்றைப் பார்த்தார். மூன்று வயதுப் பிள்ளை.

கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை கதை! ஆறு இழுத்துவிட்டது என்றார் ஒருவர். மேலே மழை பெய்தால் திடீரென்று இறங்கும் 'கெப்பாலா ஆயிர்' வெள்ளத்தின் பயம் அங்கே எல்லாருக்கும் உண்டு, ஆனால் அன்று தண்ணீர் கலங்கவே இல்லை. ஒரு வேன் வேகமாகப் போனதாம், இன்னொருவர் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத காட்டு ஆவியான பூனியான் மறைத்திருக்கும் என்றார் ஒரு மக்சிக், அதாவது மலாய் அம்மா. பாட்டி முனிக்கு வேண்டிக்கொண்டு எலுமிச்சம்பழம் தேடினார். பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் "பெத்தவளுக்குத் தெரியாமலா போகும்?" என்று ஒரு பெண்மணி அந்த அம்மா காதில் விழும்படி சொன்னாரே, அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இடத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெரியவர், பாக்சிக், வந்து பாட்டை நிறுத்தச் சொன்னார். ஒருவரை அவசர உதவி எண் 999-க்கு அழைக்கச் சொன்னார், மற்ற யாரும் காட்டுக்குள் ஓட வேண்டாம் என்றார். அப்புறம் டார்ச்சோடு குனிந்து, கார்களுக்கு அடியில், பாய்களுக்குக் கீழே என்று பார்த்துக்கொண்டே போனார். பையன் அவர்கள் கூடாரத்துக்குப் பின்னாலேயே இருந்தான். ஐஸ் பெட்டிக்கும் மடித்துப் போட்ட தார்ப்பாய்க்கும் நடுவில் நல்ல தூக்கம். கன்னத்தில் தார்ப்பாய் மடிப்பு அழுந்திய கோடு. அவன் பேரைச் சொல்லி அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்.

அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தொலைந்துவிட்டோம் என்றே தெரியாது. களைத்தால் கிடைத்த இடுக்கில் புகுந்து தூங்கிவிடும். பயந்துபோன பிள்ளை, தேடி வருகிறவர்களைப் பார்த்து ஒளிந்துகொள்வதும் உண்டு. அதனால், கூப்பிட்டும் பதில் வராததை மட்டும் வைத்து ஐடஹோ பையன் அங்கே இல்லவே இல்லை என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, அவ்வளவு தேடியும் ஏன் கிடைக்கவில்லை? மிருகம் தூக்கியிருந்தால் கிழிந்த துணியாவது மிஞ்சியிருக்க வேண்டும். அந்த ஒதுக்குப்புறத்துக்கு வெளியாள் வந்து தூக்கிப் போவதும் லேசில் நடக்காது. எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. 2016-ல் அந்த வட்டாரப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் பெற்றோரைச் சந்தேகிப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அவர்கள்மீது வழக்கு எதுவும் போடவில்லை. விசாரிப்பது போலீஸ் வேலை. நீங்களோ, கூட இருந்த எல்லாப் பெரியவர்களும் பிள்ளை இன்னொருவரிடம் இருக்கிறான் என்று நம்புவது நடக்கவே நடக்காது, எனவே பொய் என்கிறீர்கள். அது நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.