ப்ளூ கார்டில் ஜெர்மனியில் இருக்கிறேன். கணவரின் விசா 22 வாரமாக நகரவில்லை

தனிக்குடை:

வணக்கம். விவரமாகவே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஜெர்மனியின் தென்பக்கம் ஒரு சிறு நகரத்தில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ப்ளூ கார்டு, அதாவது திறன்வாய்ந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி. ஊரில் கல்யாணம் முடிந்து, லீவு தீர்ந்ததும் நான் திரும்பி வந்துவிட்டேன். கணவர் மதுரையில் இருக்கிறார். திருமணத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கி, குடும்ப இணைப்பு விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை வைத்து, 75 யூரோ கட்டணமும் கட்டி இன்றோடு 22 வாரம் ஆகிறது. மெயில் போட்டால் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் வருகிறது. மூன்று முறையும் அதே வரி.

மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று தெரிந்தவர்கள் சொன்னதை நம்பி அவர் வேலையை விட்டுவிட்டார். நோட்டீஸ் காலம் முடிந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறார். என்னிடம் அவர் எதுவும் சொல்வதில்லை. ஆனால் போனில் பேசும்போது பின்னால் யாராவது "என்னப்பா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. அவர் ஏதோ சொல்லி மழுப்புவதும் விழுகிறது. பெட்டி கட்டினபடியே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சட்டை வேண்டுமென்றால் அதிலிருந்து எடுக்கிறார், துவைத்துக் காய்ந்ததும் அதிலேயே மடித்து வைக்கிறார். அலமாரியில் வைத்தால் போகாமலே இருந்துவிடுவோமோ என்று தோன்றுகிறதாம்.

ஜெர்மன் மொழியின் ஆரம்ப நிலையான ஏ1 சான்றிதழ் அவரிடம் இல்லை, அதனால்தான் நிற்கிறதா? திருமணச் சான்றிதழில் அவர் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கிறது, அது காரணமா? சுற்றுலா விசாவில் வரவழைத்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? இல்லை, வக்கீலைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டதா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய பெட்டி:

சகோதரி, நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் உண்டு. அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்று: கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது?

விசா என்றால் தூதரகம் மட்டும்தான் என்று நினைத்து அங்கேயே மெயில் போட்டுக்கொண்டிருப்போம். நானும் அதைத்தான் செய்தேன். நீண்ட நாள் தங்குவதற்கான டி விசாவில் பெரும்பாலும் இரண்டு மேசை. தூதரகம் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, இங்கே நீங்கள் குடியிருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து சம்மதம் போனால்தான் அவர்கள் விசா ஒட்டுவார்கள். என் மனைவியின் கோப்பு 11 வாரம் இங்கே, என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கிடந்தது. நான் அத்தனை நாளும் ஊர்ப்பக்கம் மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். கவனித்து வந்த ஊழியர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார், கோப்பை யாரும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அதனால் தூதரகத்துக்கு இனி நிலவரம் கேட்டு எழுத வேண்டாம். அப்படிக் கேட்டால் அந்த ஒற்றை வரிதான் திரும்ப வரும். எந்தத் தேதியில் உள்ளூர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள் என்று மட்டும் கேளுங்கள். கணவரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பிறந்த தேதி, விண்ணப்ப எண், கைரேகை வைத்த நாள், பிறகு அந்த ஒரு கேள்வி. ஜெர்மனில் நாலு வரி போதும். தேதி கிடைத்ததும் அதையே சொல்லி உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்: "இந்தத் தேதியில் சம்மதம் கேட்டு உங்களுக்கு வந்திருக்கிறது, என் தரப்பில் ஏதாவது காகிதம் பாக்கி இருக்கிறதா?" பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் யாராவது கோப்பைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில்தான் இன்னும் இருக்கிறீர்களா?

எட்டாம் நம்பர் டிராம்:

ஏ1 பற்றி மட்டும் சொல்கிறேன். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ விசாவுக்கு ஜெர்மன் தெரிந்திருக்கத் தேவையில்லை. சட்டத்திலேயே இந்த விலக்கு இருக்கிறது. அதனால் அந்தக் கவலையை விடுங்கள்.

ஆனால் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்களே, படிக்கச் சொல்லுங்கள். விசாவுக்காக இல்லை. வந்த நாளிலிருந்தே வேலை செய்ய அவருக்கு உரிமை உண்டு, தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. மொழி தெரிந்தால் அந்த உரிமை உடனே சம்பளமாகும். என் மனைவி காத்திருந்த மாதங்களில் ஏ1ஐவிட இரண்டு படி மேலான பி1 வரை முடித்தாள். அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் இப்போதும் அவளுக்குத் தொண்டை அடைக்கும், ஆனால் படித்தது கையில் நின்றது.

கோடைமழை:

சுற்றுலா விசா யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். நல்ல மனதோடு சொல்லியிருப்பார், ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் கொரியா மாதிரி சில நாட்டவர்கள் விசா இல்லாமல் வந்து இங்கேயே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்வார்கள். இந்தியர்களுக்கு ஷெங்கன் சி விசா எந்த 180 நாளிலும் 90 நாள் வந்து போவதற்குத்தான். ஊரில் கல்யாணம் செய்துவிட்டு, சேர்ந்து வாழும் எண்ணத்தோடு அதில் வந்து இறங்கினால், திரும்பிப் போய் சரியான விசாவில் வாருங்கள் என்பார்கள்.

நான் அதைச் செய்தேன். 80ஆவது நாள் கணவரை அங்கே விட்டுவிட்டு மறுபடி விமானம் ஏறினேன். முதல் பிரிவைவிட அதுதான் கொடுமை. சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பழகிவிட்ட பிறகு கிளம்ப வேண்டியிருந்தது.

செங்கல்சூளை:

இனிஷியல் கதைக்கு வருகிறேன், இதில் எனக்கு அனுபவம் அதிகம்.

நமக்கு இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெர்மன் படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம்தான். சான்றிதழில் ஓர் எழுத்தும் ஒரு பெயரும், பாஸ்போர்ட்டில் இரண்டு முழுப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தானா என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான், அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்காக இப்போது பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள். புது எண் வரும், விண்ணப்பத்தில் பழைய எண் இருக்கும், முடிச்சு இன்னும் இறுகும். நாங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துச் சான்றிதழில் இனிஷியலை விரித்து எழுதி வாங்கினோம். அது கைக்கு வரும் வரை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, அப்பா பெயர் தெரியும்படி பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் வெளிநாட்டில் செல்வதற்கு அதில் போடும் அரசு முத்திரை, வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2005இல் இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. சந்தேகம் இருந்தால் தூதரகமே ஆள் அனுப்பி விசாரிக்கும். எங்கள் விஷயத்தில் ஒரு வக்கீல் பதிவு அலுவலகத்துக்குப் போய் ஏட்டைப் பார்த்துவிட்டு, தெருவில் இரண்டு வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார். அதற்கே மாதக்கணக்கில் ஆனது. உங்கள் கோப்பும் அப்படி விசாரணைக்குப் போயிருக்கிறதா என்பதையும் தூதரகத்துக்கு எழுதும் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனிக்குடை:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே எழுதி அனுப்பிவிட்டேன்.

பழைய பெட்டி அண்ணா, முகவரி கேட்டீர்களே. விண்ணப்பித்து இரண்டாவது மாதம் வீடு மாறினேன். முன்பு ஒற்றை அறை, இப்போது இரண்டு பேருக்குப் போதுமான வீடு. அவர் வரப்போகிறார் என்றுதான் மாறினேன். புது முகவரியைப் பதிவு செய்யும் அன்மெல்டுங் உடனே செய்துவிட்டேன்.

பழைய பெட்டி:

அன்மெல்டுங் செய்தது நல்லது. கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? வாசலில் அழைப்பு மணிப் பலகையிலும்?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை. பெரும்பாலும் முகவரியில் கதவு எண்ணே இருக்காது. பெட்டியில் பெயர் இருந்தால் கடிதம் உள்ளே விழும், இல்லாவிட்டால் பெறுநரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரும்பிப் போகும். அலுவலகங்கள் முக்கியமானதை இன்னும் காகிதத்தில்தான் அனுப்புகின்றன.

தனிக்குடை:

இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய குடித்தனக்காரர் பெயர்தான் இருக்கிறது. வீட்டு நிர்வாகம் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தது. பேங்க், சம்பளச் சீட்டு எல்லாம் ஆப்பிலேயே வருவதால் நான் கவனிக்கவே இல்லை. கை நடுங்குகிறது.

பழைய பெட்டி:

பதற வேண்டாம். இன்றைக்கே ஒரு சீட்டில் எழுதி டேப் போட்டு ஒட்டுங்கள், பலகை பிறகு வரட்டும். நாளைக்குக் காலையில் வெளிநாட்டவர் அலுவலகத்தை நேரிலோ போனிலோ பிடித்து, எனக்கு ஏதாவது கடிதம் அனுப்பித் திரும்பி வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராததைக் காரணமாக வைத்து முடித்துவிடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

வக்கீல் கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதம் முடிவு சொல்லாவிட்டால், முடிவெடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம், நிர்வாக நீதிமன்றச் சட்டம் 75ஆம் பிரிவு. விசா வழக்குகள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகும். வக்கீல் முதலில் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புவார், சில கோப்புகள் அதிலேயே அசைந்துவிடும். ஆனால் உங்கள் விஷயத்தில் அவர்கள் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் அவர்களிடம் இருக்கிறது. முதலில் கடிதத்தைக் கண்டுபிடியுங்கள்.

ஒருவேளை மறுத்துவிட்டால் என்ன என்பதும் தெரிந்திருக்கட்டும். முன்பு கட்டணமில்லாமல் தூதரகத்துக்கே ஆட்சேபம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். அதனால் மறுப்பு வரும் அளவுக்கு விடக்கூடாது.

ஈரமண்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இப்போதுதான் அங்கே வேலை உறுதியாகியிருக்கிறது, இன்னும் கிளம்பவில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருவரும் தூங்கவில்லை. முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியுமா?

எட்டாம் நம்பர் டிராம்:

முடியும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. கம்பெனியிடம் விரைவு நடைமுறை பற்றிக் கேளுங்கள், குடியிருப்புச் சட்டம் 81ஏ பிரிவு. உங்களிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு கம்பெனிதான் இங்கே அலுவலகத்தில் தொடங்க வேண்டும். கட்டணம் 411 யூரோ. உங்கள் விண்ணப்பத்தை ஒட்டியே மனைவியும் விண்ணப்பித்தால் அவரும் அதே நடைமுறைக்குள் வருவார். நான் போய் வீடு பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று தள்ளிப்போட்டால் இந்த வாசல் அடைபடும்.

கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால், நீங்கள் இங்கே வந்தபின் உள்ளூர் அலுவலகத்தில் முன் ஒப்புதல் கேட்டுப் பாருங்கள். ஜெர்மனில் ஃபோராப்சுஸ்டிமுங் என்பார்கள். இரண்டாவது மேசையின் சம்மதத்தை முதலிலேயே கையில் வாங்கிக்கொள்வது மாதிரி. எல்லா ஊரிலும் கொடுக்க மாட்டார்கள், கேட்பதில் தவறில்லை. மனைவி வேலையை விடுவது மட்டும் விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு.

தனிக்குடை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

இரண்டு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டும் திரும்பிப் போயிருக்கின்றன. கேட்டதெல்லாம் மூன்றே காகிதம்: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை தொடர்கிறது என்று கம்பெனியின் கடிதம், கணவரைக் குடும்பக் காப்பீட்டில் சேர்ப்போம் என்று மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உறுதிக் கடிதம். இனிஷியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஊழியர் திரும்பி வந்த உறையை எடுத்துக் காட்டினார். என் பெயர், என் தெரு, எல்லாம் சரியாக இருந்தது, மேலே மஞ்சள் ஸ்டிக்கர். மூன்று காகிதத்தையும் இரண்டே நாளில் சேர்த்துக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி அவருக்குத் தூதரகத்திலிருந்து மெயில் வந்துவிட்டது. போனில் இருவரும் வெகுநேரம் பேசவே இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் 4ஆம் தேதி டிக்கெட். இனி கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

செங்கல்சூளை:

கேட்கவே நெஞ்சு நிறைந்தது. அவர் வந்து இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், பிறகு விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். அங்கே நேரம் கிடைக்கத் தாமதமாகும், வருவதற்கு முன்பே பதிவு செய்யுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கைப்பையில் வைத்து வரச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.

தபால் பெட்டியில் அவர் பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

தனிக்குடை:

ஒட்டிவிட்டேன் அண்ணா. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். இனிஷியல் எங்கே என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடிதான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.