வைட்டமின் சி சீரத்தையும் சன்ஸ்கிரீனையும் காலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசலாமா?

கேள்வி

வணக்கம். பரு ஆறிய இடங்களில் தங்கிவிட்ட கருமைக்காக, 15 சதவீத எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, கொண்ட சீரத்தைக் காலையில் பூசி, அதன்மேல் மாய்ஸ்சரைசரும் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனும் போட்டு வருகிறேன். வைட்டமின் சி ஓர் அமிலம் என்பதால் வெயிலில் முகத்தை மேலும் கருக்கச் செய்யும், இரவில்தான் பூச வேண்டும் என்று தோழி ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். சீரத்தின் அட்டையிலோ காலையில் பூசும்படி அச்சிட்டிருக்கிறார்கள். எது சரி? அதோடு, சன்ஸ்கிரீனைத் தேய்க்கும்போது அது தோலில் படியாமல் வெள்ளைத் துணுக்குகளாக உருண்டு புருவத்திலும் தாடையோரத்திலும் உதிர்கிறது. வாங்கியபோது நிறமற்று இருந்த சீரமும் இப்போது செம்பழுப்பாகிவிட்டது. இதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

முதல் பதில்

உங்கள் தோழியின் அச்சம் வேறு பொருள்களுக்குப் பொருந்தும். கிளைக்காலிக் அமிலம் போன்றவை மேல்தோலின் இறந்த செல்களை உரித்தெடுப்பதால், அவற்றைப் பயன்படுத்தும் காலத்தில் தோல் வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படுகிறது. ரெட்டினால் ஒளி பட்டால் சிதைந்துவிடும் என்பதால் அதை இரவுக்கு ஒதுக்குகிறார்கள். அஸ்கார்பிக் அமிலம் பெயரில் அமிலமாக இருந்தாலும் இந்த வரிசையில் சேராது.

காலையில் பூசச் சொல்வதற்குக் காரணம், அதுவும் சன்ஸ்கிரீனும் செய்யும் வேலைகள் வெவ்வேறானவை என்பதுதான். சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிர்களைத் தோலின் மேற்பரப்பிலேயே உறிஞ்சியோ சிதறடித்தோ தடுக்கிறது. எஸ்.பி.எஃப். 50 என்றால், முழு அளவில் பூசினாலும், தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம், உள்ளே போகத்தான் செய்யும். அப்படிப் போகும் கதிர்கள் தோலுக்குள் உண்டாக்கும் ஃப்ரீ ரேடிக்கல்கள் என்னும் நிலையற்ற மூலக்கூறுகளை வைட்டமின் சி செயலிழக்கச் செய்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியின் வேலையை அது மட்டுப்படுத்துவதும் உங்கள் கருமைக்கு உதவும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வைட்டமின் சி எந்த நிலையிலும் சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது. சன்ஸ்கிரீனின் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்துக் கணக்கிடப்படுவது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். நம்மில் பெரும்பாலோர் அதில் பாதியைக்கூட எடுப்பதில்லை. அந்தக் குறையை எவ்வளவு விலையுயர்ந்த சீரமும் ஈடுகட்டாது.

இரண்டாம் பதில்

சீரத்தின் நிறத்தையும் உருண்டு உதிர்வதையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். இளமஞ்சளாக இருக்கும்வரை கவலையில்லை. செம்பழுப்புக்கு வந்துவிட்டால் அதிலிருந்த அஸ்கார்பிக் அமிலத்தில் பெரும்பகுதி காற்றுடன் வினைபுரிந்து வீணாகியிருக்கும். அதை முகத்தில் பூசினால் பலன் குறைவு என்பதோடு, தோலிலும் தலையணை உறையிலும் மஞ்சள் கறை படியவும் கூடும். தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை சிறிய அளவில், ஒளி புகாத குப்பியில், முடிந்தால் காற்று உள்ளே போகாத பம்பு வைத்ததாக வாங்கினால் நெடுநாள் தாங்கும். சொட்டுக்குழாய் உள்ள குப்பியில் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் புதுக்காற்று உள்ளே போகிறது.

சன்ஸ்கிரீன் உருள்வது ஒவ்வாமை அன்று. அடியிலுள்ள படலம் காய்வதற்குள் மேலே தேய்ப்பதாலோ, மாய்ஸ்சரைசரிலும் சன்ஸ்கிரீனிலும் உள்ள சிலிகோன், கெட்டிப்படுத்தும் பசை போன்றவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாததாலோ நேர்வது. சீரத்தை மூன்று நான்கு சொட்டுகளோடு நிறுத்தி, விரல் வைத்தால் பிசுபிசுப்புத் தெரியாத நிலை வந்தபின் சன்ஸ்கிரீனை இரண்டு தவணையாக எடுத்து, தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றிப் பூசுங்கள். அப்படியும் உருண்டால் காலையில் மாய்ஸ்சரைசரை விட்டுப் பாருங்கள். பல சன்ஸ்கிரீன்களிலேயே போதிய ஈரப்பதம் இருக்கும். உருண்டு உதிர்ந்த இடத்தில் பாதுகாப்பும் உதிர்ந்துவிட்டது என்பதால், இதை அழகு சார்ந்த சின்னத் தொல்லை என்று விட்டுவிட முடியாது.

மூன்றாம் பதில்

முதல் பதிலில் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். காலையில்தான் பூச வேண்டும் என்று அதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னெல் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பன்றித் தோலில் எல்-அஸ்கார்பிக் அமிலத்தைத் தொடர்ந்து பூசிப் பார்த்தபோது, திசுவுக்குள் சேர்ந்த அளவு பாதியாகக் குறைய நான்கு நாட்கள் அளவில் ஆனது. அப்படியென்றால் இரவில் பூசியதும் மறுநாள் வெயிலில் தோலுக்குள் இருக்கத்தான் செய்யும். காலையில் இரண்டும் ஒட்டாமல் மல்லுக்கட்டுபவர் சீரத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டு, காலையைச் சன்ஸ்கிரீனுக்கு மட்டும் விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

அதே ஆய்வில், சீரத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 3.5க்குக் கீழே இருந்தால்தான் வைட்டமின் சி தோலுக்குள் போகிறது என்றும், 20 சதவீதத்துக்கு மேல் செறிவைக் கூட்டினால் உறிஞ்சுதல் கூடவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே 25, 30 என்று அச்சிட்ட குப்பிகளைத் தேடிப் போகாதீர்கள்; எரிச்சல்தான் மிஞ்சும். அதே குழுவினர் 2005இல், 15 சதவீத வைட்டமின் சியும் 1 சதவீத வைட்டமின் ஈயும் கலந்த கரைசலில் 0.5 சதவீதம் ஃபெருலிக் அமிலம் சேர்த்தபோது, கரைசல் கெடாமல் நின்றதோடு வெயிலுக்கு எதிரான பாதுகாப்பும் இரட்டிப்பானதைக் காட்டினார்கள். பின்னெல் இத்தகைய சீரங்களை விற்கும் ஒரு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர் என்பதால் இந்த முடிவுகளைக் கொஞ்சம் நிதானத்தோடுதான் படிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சீரத்தைக் கொட்டிவிட்டேன், புதிதாக வாங்குவதை இரவில் பூசலாம் என்றிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். பகல் முழுவதும் அறைக்குள், ஜன்னலை ஒட்டிய மேசையில்தான் வேலை. அப்போதும் சன்ஸ்கிரீனைத் திரும்பப் பூச வேண்டுமா?

நான்காம் பதில்

ஜன்னலை ஒட்டி என்றால் சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். புற ஊதாக் கதிர்களில் யு.வி.ஏ., யு.வி.பி. என்று இரு வகை நம் தோலை எட்டுகின்றன. சாதாரணக் கண்ணாடி தோலைச் சிவக்கச் செய்யும் யு.வி.பி. கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தோலைக் கருக்கச் செய்வதில் பெரும்பங்கு வகிக்கும் யு.வி.ஏ. கதிர்களில் கணிசமானவற்றை உள்ளே விட்டுவிடும். எஸ்.பி.எஃப். எண் பெரும்பாலும் யு.வி.பி.யைக் குறிப்பது என்பதால், யு.வி.ஏ.வையும் தடுப்பதைக் காட்டும் பிராட் ஸ்பெக்ட்ரம் என்ற சொற்களோ, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளோ உங்கள் சன்ஸ்கிரீன் குழாயில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற விதி அப்படியே நிற்கும். உள்ளே அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை. மேசையில் வெயில் விழும் நேரம் தொடங்குமுன் ஒருமுறையும், முகம் கழுவினாலோ வியர்த்துத் துடைத்தாலோ அதன்பின் ஒருமுறையும் பூசினால் போதும். மாநிறமோ கருநிறமோ உள்ளவர்களின் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையை ஆழப்படுத்துகிறது. வழக்கமான சன்ஸ்கிரீன்கள் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயம் கொண்ட சன்ஸ்கிரீன்தான் அதற்கு உதவும். பருக் கருமைக்கும் மங்குக்கும் நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான்.