பையர்களுக்குப் போகும் மெயில் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது, ஆனால் டிகிம் பாஸ் என்றுதான் காட்டுகிறது – உதவி தேவை

கரூர் மெர்ச்சண்ட்

வணக்கம். கரூரில் ஒரு சின்ன ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத், குஷன் கவர்தான் எங்கள் சரக்கு. இதுவரை ஏஜென்ட் மூலமாகத்தான் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. இனி நேரடியாகப் பையர் பிடிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் ஐரோப்பிய இறக்குமதியாளர்களுக்கு அறிமுக மெயில் அனுப்பி வருகிறோம்.

பதிலே இல்லை. விலை ஒத்துவரவில்லை போல என்று விட்டுவிட்டோம். போன வாரம் எங்கள் பழைய பையர் ஒருவர், புரோஃபார்மா இன்வாய்ஸ் ஜங்க் ஃபோல்டரில் கிடப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தெரியாதவர் மெயில் ஸ்பேமுக்குப் போவது சரி, வருஷக்கணக்காக வியாபாரம் செய்கிறவருக்குப் போகும் இன்வாய்ஸுமா?

விவரம் இது. டொமைன் பழையது. மெயில் இப்போது கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. அதற்கு முன் வெப்சைட் ஹோஸ்டிங் எடுத்த இடத்திலேயே இருந்தது. அறிமுக மெயில்கள் ஒரு அவுட்ரீச் டூல் (மொத்தமாக மெயில் அனுப்பும் சாஃப்ட்வேர்) வழியாகத் தினமும் முன்னூறு போகின்றன. லிஸ்ட் விலைக்கு வாங்கியது, ஃபிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு வந்த பையர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மெயிலோடு கேட்டலாக் பிடிஎஃப், லோகோ, வெப்சைட் லிங்க் இருக்கும்.

ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' போட்டுப் பார்த்தால் டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) பாஸ் என்று வருகிறது. 'ஃப்ரீ', 'ஆஃபர்' மாதிரி வார்த்தைகளையும் எடுத்துப் பார்த்தாயிற்று. வேறு எங்கே பார்ப்பது?

சர்வர் ரூம்

டிகிம் பாஸ் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த டொமைன் பெயரில் பாஸ் என்று அதே வரியில் இருக்கும். எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்), டிமார்க் (இந்த இரண்டும் ஃப்ரம் முகவரியோடு பொருந்துகிறதா என்ற சோதனை) வரிகளும் வேண்டும். கம்பெனி பெயரை மறைத்துவிட்டு அப்படியே போடுங்கள்.

கரூர் மெர்ச்சண்ட்

எஸ்பிஎஃப்: பெர்ம்எரர்.
டிகிம்: பாஸ். டொமைன் இருக்கும் இடத்தில் எங்கள் பெயரில் தொடங்கி, நடுவில் ஏதோ எண் வந்து, 'ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி டாட் காம்' என்று முடிகிறது.
டிமார்க் என்று ஒரு வரியே இல்லை சார்.

சர்வர் ரூம்

நினைத்தேன். இரண்டு கோளாறும் ஒரே மெயிலில் இருக்கிறது.

முதலில் டிகிம். வொர்க்ஸ்பேஸில் உங்கள் டொமைனுக்கென்று சாவி உருவாக்கவில்லை என்றால், கூகுள் தன்னுடைய அந்த ஜிஆப்ஸ் டொமைன் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடும். கையெழுத்து செல்லும், அதனால் பாஸ். ஆனால் 'ஃப்ரம்' வரியில் இருக்கும் உங்கள் டொமைனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டிமார்க் பார்ப்பது இந்தப் பொருத்தத்தைத்தான்: எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது பாஸாக வேண்டும், அதுவும் ஃப்ரம் வரியில் இருக்கும் டொமைன் பெயரிலேயே பாஸாக வேண்டும். உங்களுக்கு இரண்டுமே இல்லை.

அட்மின் கன்சோலில் ஜிமெயில் அமைப்புக்குள் 'ஆதென்டிகேட் ஈமெயில்' என்று இருக்கும். 2048 பிட் சாவி உருவாக்கி, அவர்கள் தரும் டிஎக்ஸ்டி ரெக்கார்டை டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரப் பதிவேட்டில்) போடுங்கள். சில பழைய டிஎன்எஸ் பேனல்கள் 255 எழுத்துக்கு மேல் ஒரே துண்டாக வாங்காது. சாவியை இரண்டு மேற்கோள் துண்டாகப் பிரித்துப் போட வேண்டும். ரெக்கார்ட் பரவிய பிறகு அதே பக்கத்துக்குத் திரும்பி 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அமுக்க வேண்டும். பாதிப் பேர் ரெக்கார்டைப் போட்டதோடு முடிந்தது என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து எஸ்பிஎஃப். பெர்ம்எரர் (ரெக்கார்டிலேயே பிழை) என்றால் பெரும்பாலும் ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்ட் இருக்கும். பழைய ஹோஸ்டிங் காலத்தது ஒன்று, கூகுளுக்குப் போட்டது ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எது சரி என்று தேடிப் பார்க்க மாட்டார்கள், மொத்தமும் செல்லாது. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். உள்ளே வரும் 'இன்க்ளூட்'கள் (வேறொருவர் பட்டியலையும் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள்) எல்லாம் சேர்ந்து பத்து டிஎன்எஸ் தேடலைத் தாண்டினாலும் இதே பெர்ம்எரர்தான் வரும், அதையும் எண்ணிப் பாருங்கள்.

டிமார்க் ரெக்கார்டை 'பி=நன்' (சோதனையில் தோற்ற மெயிலைத் தடுக்க வேண்டாம்) என்று போடுங்கள். அறிக்கை வந்து சேர ஒரு மெயில் முகவரியும் கொடுங்கள்.

இதெல்லாம் முடிந்தால் இன்வாய்ஸ் பிரச்சினை ஓரளவு தீரும். அறிமுக மெயில் தீராது, அது வேறு வியாதி.

கோவை மெயில் அட்மின்

மேலே சொன்னதில் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க வேண்டும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் 'இந்த மெயில் இந்த டொமைனிலிருந்து வந்ததுதான்' என்பதற்கான அடையாள அட்டை. அட்டை சரியாக இருக்கிறது என்பதற்காக யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் இதையெல்லாம் நம்மைவிட ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

விலைக்கு வாங்கிய லிஸ்ட்தான் உங்கள் முதல் பிரச்சினை. அதை எத்தனை பேருக்கு விற்றிருப்பார்கள் என்று யோசியுங்கள். திருப்பூர், பானிபட், துருக்கி, பாகிஸ்தான் என்று எல்லா ஊர்க்காரரும் அதே முகவரிகளுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். அதில் செத்துப்போன முகவரிகள் இருக்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கவென்றே வைத்திருக்கும் பொறி முகவரிகளும் இருக்கலாம். டூலில் பவுன்ஸ் (போய்ச் சேராமல் திரும்பிய மெயில்) ரிப்போர்ட்டைத் திறந்து '550 5.1.1' என்று எத்தனை வருகிறது பாருங்கள். அப்படி ஒரு ஆள் இல்லை என்று அர்த்தம். அது நிறைய இருந்தால் அந்த லிஸ்டை அப்படியே தூக்கிப் போடுங்கள். கொடுத்த காசை நினைத்து வைத்துக்கொண்டிருந்தால் டொமைனும் சேர்ந்து போகும்.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கின. ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். டிமார்க், ஒரே கிளிக்கில் விலகும் வசதி மாதிரியானவை அந்தக் கணக்குக்குத்தான். ஆனால் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் எல்லாருக்கும் கட்டாயம், ஸ்பேம் புகார் வரம்பும் எல்லாருக்கும் உண்டு. புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே வைத்திருங்கள் என்கிறது கூகுள். ஆயிரம் மெயில் இன்பாக்ஸில் விழுந்து மூன்று பேர் ஸ்பேம் பட்டனை அமுக்கினால் கதை முடிந்தது. எந்தப் பொருத்தமும் இல்லாமல் முன்னூறு பேருக்கு ஒரே கடிதம் போட்டால் மூன்று பேருக்காவது எரிச்சல் வராதா?

இன்னொன்று. உங்கள் பையர்களில் நிறையப் பேர் மைக்ரோசாஃப்ட் 365இல் இருப்பார்கள். அங்கே சில கம்பெனிகளில் மெயில் ஜங்குக்குக்கூட வராது, குவாரன்டைனில் (சர்வரிலேயே தனியாகத் தடுத்து வைக்கும் இடத்தில்) நின்றுவிடும். பையர் கண்ணிலேயே படாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய பையரிடம் அந்த மெயிலின் ஹெடரை (மெயிலோடு வரும் தொழில்நுட்ப விவரத்தை) கேட்டு வாங்குங்கள். எஸ்சிஎல் என்று ஒரு எண் இருக்கும், ஸ்பேம் என்று எவ்வளவு உறுதியாக நினைக்கிறார்கள் என்பதற்கான மதிப்பெண். 5, 6 என்றால் ஸ்பேம் என்று முடிவு செய்திருக்கிறார்கள், 9 என்றால் சந்தேகமே இல்லாமல் ஸ்பேம்.

அப்புறம், கேட்டலாக் எத்தனை எம்பி? உங்கள் மெயிலையும் இங்கே ஒட்டுங்கள்.

கரூர் மெர்ச்சண்ட்

கேட்டலாக் எட்டு எம்பி. மெயில் இப்படித் தொடங்கும்: "டியர் சார் / மேடம், வி ஆர் எ லீடிங் மேனுஃபேக்சரர் அண்ட் எக்ஸ்போர்ட்டர் ஆஃப் ஆல் கைண்ட்ஸ் ஆஃப் ஹோம் டெக்ஸ்டைல்ஸ் ஃப்ரம் கரூர், இந்தியா..." முதலாளி எழுதிக் கொடுத்தது, மாற்றச் சொல்ல முடியவில்லை.

லீட் மெஷின்

புரோ, இவ்வளவு யோசிக்காதீங்க. கம்பெனி பெயர் மாதிரியே பத்து டொமைன் வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மெயில் பாக்ஸ் போட்டு, வார்ம்அப் டூலில் மூன்று வாரம் ஓட்டிவிட்டுச் சுற்றுக்கு விட்டால் போதும். ஒன்று செத்தால் அடுத்தது. மெயின் டொமைன் சேஃப்.

கோவை மெயில் அட்மின்

இது சாஃப்ட்வேர் விற்கிறவர்களுக்கு ஓடலாம், துணி விற்கிறவருக்கு ஓடாது. முன்பணம் கேட்கும் தொழில் இது. பையர் முதலில் வெப்சைட்டைத் திறந்து பார்ப்பார், மெயில் டொமைன் ஒன்று, சைட் டொமைன் வேறு என்றால் மோசடி என்றுதான் நினைப்பார். பேங்க் விவரம் மாற்றி ஏமாற்றும் கும்பல்கள் இதே மாதிரி டொமைன்களைத்தான் வாங்குகின்றன. வார்ம்அப் டூல் என்பது பொய்ப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று மெயில் போட்டு, ஸ்பேமிலிருந்து எடுத்து விளையாடுவது. வடிகட்டிகளுக்கு அந்த விளையாட்டுத் தெரியாமலா இருக்கும்?

பிரித்து வைக்க வேண்டும் என்றால் சொந்த டொமைனிலேயே ஒரு சப்டொமைன் எடுக்கலாம். அது மெயின் டொமைனை முழுசாகக் காப்பாற்றாது, ஆனால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போகும் பாதையோடு கலக்காது.

மெர்ச்சண்ட் தம்பி, 'லீடிங் மேனுஃபேக்சரர்' வரியை எடுத்துவிடுங்கள். அந்த வரியை வடிகட்டிக்கு முன்னால் பையரே வடிகட்டிவிடுவார். முதல் மெயிலில் பிடிஎஃப் வேண்டாம், லோகோ வேண்டாம். டூலில் ஓபன் டிராக்கிங் (மெயிலைத் திறந்தாரா என்று மறைவாக ஒரு படம் வைத்துப் பார்ப்பது), கிளிக் டிராக்கிங் இரண்டையும் அணையுங்கள். கிளிக் டிராக்கிங் உங்கள் லிங்கை டூல்காரரின் பொது டொமைன் வழியாகச் சுற்றிவிடும். அதே டொமைனை வேறு யாராவது கெடுத்திருந்தால் பலன் உங்களுக்கு. ஓபன் கணக்கும் நம்புகிற மாதிரி இல்லை, 2021இலிருந்து ஆப்பிள் மெயில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது.

டோர்ட்முண்ட் வாசி

வணக்கம் தம்பி. நான் ஜேர்மனியில் இருக்கிறேன். எல்லோரும் இன்பாக்ஸுக்குள் போவதைப் பற்றிக் கதைக்கிறீர்கள். இங்கே நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டம், யுடபிள்யூஜி, அதன் 7ஆம் பிரிவின்படி முன்சம்மதம் இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதே தவறு. நிறுவனங்களுக்கு அனுப்பினாலும் அதே கதைதான். இணையத்தளத்தின் இம்பிரெசும் (நிறுவன விவரம் தரும்) பக்கத்தில் முகவரி இருக்கிறது என்பது சம்மதம் ஆகாது. வழக்கறிஞர் மூலம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். கரூர் வரை அது வருமோ வராதோ, அப்படி அறிமுகமாகும் கம்பனியிடம் யார் வாங்குவார்கள்?

தபாலில் கடிதம் அனுப்பத் தடை இல்லை. இங்கே இன்னும் கடிதத்தைப் பிரித்து வாசிக்கிறார்கள். ஒரு டவல் மாதிரியும் சேர்த்து, வாங்கும் பிரிவுக்குப் பெயர் எழுதி அனுப்பிப் பாருங்கள். பிரித்தானியாவில் நிலைமை வேறு, அங்கே கம்பனி முகவரிகளுக்குச் சம்மதம் இல்லாமல் எழுதலாம். ஆனால் தனி ஆள் நடத்தும் கடைகளுக்கு அது பொருந்தாது.

கரூர் மெர்ச்சண்ட்

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

எஸ்பிஎஃப் ரெக்கார்ட் இரண்டு இருந்தது உண்மைதான், ஒன்றாக்கிவிட்டோம். டிகிம் இப்போது எங்கள் டொமைன் பெயரிலேயே வருகிறது, டிமார்க் பாஸ். பழைய பையருக்கு டெஸ்ட் மெயில் போட்டோம், இன்பாக்ஸில் விழுந்தது. முகவரியை 'சேஃப் செண்டர்' பட்டியலிலும் சேர்த்துவிட்டார்.

விலைக்கு வாங்கிய லிஸ்டை நிறுத்தியாயிற்று. பவுன்ஸ் ரிப்போர்ட்டை முதலாளியிடமே காட்டினேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜெர்மனி முகவரிகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம், அவர்களுக்குச் சாம்பிளோடு தபால்தான். இங்கிலாந்துக் கம்பெனிகளுக்கு மட்டும் அவரவர் வெப்சைட்டைப் பார்த்து நானே கையால் எழுதுகிறேன். ஒரு கிச்சன்வேர் கடைக்கு, "உங்கள் கோடு போட்ட டவல் வாஃபிள் நெசவு, நாங்கள் அதே நெசவில் 50க்கு 70 செண்டிமீட்டர் தருகிறோம், குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு" என்று நாலு வரி, அட்டாச்மென்ட் இல்லாமல். விலை கேட்டுப் பதில் வந்திருக்கிறது. இன்னும் சில பேருக்கு ஸ்பேமுக்குத்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு கேள்வி: டிமார்க்கை 'பி=நன்'இலிருந்து 'குவாரன்டைன்' (தோற்ற மெயிலை ஸ்பேமாக நடத்தச் சொல்வது) ஆக்கிவிடலாமா?

சர்வர் ரூம்

அவசரப்படாதீர்கள். டொமைனுக்குக் கெட்ட பெயர் வந்திருந்தால் தேறச் சில வாரம் ஆகும், அதுவரை அளவாக அனுப்புங்கள். குவாரன்டைன் போடுவதற்கு முன் டிமார்க் அறிக்கைகளைப் பாருங்கள், உங்கள் பெயரில் வேறு எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று அதில் தெரியும். ஆபீஸில் பில்லிங் சாஃப்ட்வேர், வெப்சைட் என்கொயரி ஃபார்ம் எதிலிருந்தாவது மெயில் போகிறதா?

கரூர் மெர்ச்சண்ட்

அக்கவுண்ட்ஸில் கேட்டேன். பில்லிங்கிலிருந்து ஸ்டேட்மென்ட் எல்லாம் இன்னும் பழைய ஹோஸ்டிங் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) வழியாகத்தான் போகிறதாம்.

சர்வர் ரூம்

அப்படியானால் அதை முதலில் வொர்க்ஸ்பேஸ் எஸ்எம்டிபி ரிலேவுக்கு மாற்றுங்கள். அது முடிந்து, அறிக்கையில் பழைய ஹோஸ்டிங் ஐபி வருவது நின்ற பிறகு, எஸ்பிஎஃப்பில் அவர்கள் இன்க்ளூடை எடுத்துவிட்டு வாருங்கள். குவாரன்டைன் அதற்கு அப்புறம் பார்க்கலாம்.