நேர்காணலில் எப்போதும் கேட்கும் கேள்விகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ரோஸ்ஹில்காரன்:

என் அக்கா மகன் போன வாரம் இங்கே மொரீஷியஸில், எபேனில் ஒரு கால் சென்டர் நேர்காணலுக்குப் போய்விட்டு முகம் தொங்கிப்போய் வந்தான். என்னடா கேட்டார்கள் என்றால், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதில் தொடங்கி "உங்கள் பலவீனம் என்ன" வரைக்கும் எல்லாம் தெரிந்த கேள்விகள்தானாம், எல்லாவற்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருக்கிறான். வினையே அந்த மனப்பாடம்தான் என்று எனக்குப் படுகிறது. 2021இல் எனக்கும் இதேதான் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

நான் மேற்குக் கரையில் ஒரு ஓட்டலில் ஏழு வருஷம் வரவேற்பு மேசையில் இருந்தவன். 2020 மார்ச்சில் நாட்டின் எல்லையை மூடினார்கள், சுற்றுலாப் பயணி ஒருவர்கூட இல்லை, என் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. 2021 அக்டோபர் 1இல் நாடு முழுசாகத் திறக்கப்போகிறது என்றதும் ஓட்டல்கள் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தன. முதல் நேர்காணலில் பிரெஞ்சில் என்னைப் பற்றிக் கேட்டார்கள். நான் பிறந்த ஊர், படித்த பள்ளி, அப்பா செய்த வேலை, பந்தாட்டத்தில் ஆசை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன், எதிரே இருந்த அம்மா என் சிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதில் எழுதியிருப்பதையே நான் வாயால் வாசித்துக்கொண்டிருந்தேன். பலவீனம் என்ன என்றார். எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம் என்றேன். ஒரு வார்த்தை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நடுவில் ஒன்றரை வருஷம் சும்மா இருந்தீர்களா என்றதற்குக் "கோவிட்" என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு இடத்தில் இப்படியே ஆனது.

மூன்றாவது இடத்துக்குப் போவதற்கு முன் என் பழைய மேலாளரைப் பார்க்கப் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஒன்றரை வருஷம் காலையில் எழுந்து என்ன செய்தாய்?" மச்சானுடைய வேனில் காய்கறி விற்றேன் என்றேன். அதை ஏன் சொல்லவில்லை என்று திட்டினார்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2020 ஏப்ரலில் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி வாரத்துக்கு இரண்டு நாள்தான் சூப்பர்மார்க்கெட்டுக்குள் விட்டார்கள். அதனால் தெருவுக்குத் தெரு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி நாற்பது வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டாம் வாரம் இரண்டு வீட்டுப் பைகள் மாறிப்போய் ஒரு பாட்டியம்மாவுக்கு மருத்துவர் சாப்பிடக் கூடாது என்ற காயெல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து பையின் மேலேயே பெயரும் தெருவும் எழுதி, வண்டியில் ஏற்றும்போது ஒருவர் படிக்க இன்னொருவர் பார்த்து எடுத்து வைக்கிற மாதிரி மாற்றினேன். மூன்றாவது நேர்காணலில் இதைத்தான் சொன்னேன். பலவீனத்துக்கும் நிஜமாக நடந்ததையே சொன்னேன்: விருந்தாளி கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது, ஒரு தடவை அறை சுத்தம் செய்கிறவர்களைக் கேட்காமலே பதினொரு மணிக்கு அறை தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை இரண்டு மணி வரை உட்காரவைத்தேன், இப்போது மேல்மாடிக்குப் போன் பண்ணாமல் வாயைத் திறப்பதில்லை. உடனே நேர்காணல் செய்தவர், "அந்தக் குடும்பத்திடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். அந்தத் துணைக் கேள்வி வந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நடந்த விஷயம் என்றால் எத்தனை துணைக் கேள்வி வந்தாலும் பதில் இருக்கும், மனப்பாடப் பதிலில் இரண்டாவது கேள்விக்கே கை காலியாகிவிடும்.

வேலை கிடைத்தது. நீங்களும் எழுதுங்கள், பையன் படிப்பான்.

மாயேபூர் பெண்:

அண்ணா, எனக்குப் படித்து முடித்த கையோடு நேர்காணல், வேலை அனுபவமே கிடையாது. "குழுவாகச் சேர்ந்து செய்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள்" என்றதும் கல்லூரி புராஜெக்ட் என்று வாய்வரை வந்துவிட்டது. அப்புறம் எண்ணெய் கொட்டிய சமயம் ஞாபகம் வந்தது. வகாஷியோ கப்பல் 2020 ஜூலை 25இல் பவளப்பாறையில் ஏறி, ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசிய ஆரம்பித்ததே, அப்போது கடற்கரையில் காய்ந்த கரும்புத் தோகையைத் துணியிலும் வலையிலும் அடைத்து, மிதப்பதற்குக் காலி பாட்டில் கட்டி, நீள நீளமாகத் தடுப்பு தைத்தோம் இல்லையா, அதைச் சொன்னேன். ஆனால் முழுக்க "நாங்கள் தைத்தோம், நாங்கள் கட்டினோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்காணல் செய்தவர் குறுக்கிட்டு, "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றார்.

ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன், பிறகுதான் சொல்ல வந்தது. நான் முனை கட்டிக்கொண்டிருந்தேன், தூக்கும்போது முதல் நான்கைந்து அவிழ்ந்து தோகையெல்லாம் கொட்டிவிட்டது, ஒரு மீனவ மாமா வேறு முடிச்சு காட்டிக்கொடுத்தார், நான் அதை வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, தண்ணீருக்குப் போகும் முன் ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்து அனுப்பினேன். அவர் நிறைய எழுதிக்கொண்டது அந்த முடிச்சைப் பற்றித்தான். "நாங்கள்" என்று பேசுவது நமக்கு வளர்ப்பிலேயே வந்த மரியாதை, ஆனால் அந்த அறைக்குள் "நான்" என்று சொல்லக் கூச்சப்படக் கூடாது.

ஆள் எடுக்கிறவள்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன். எல்லாருக்கும் ஒரே கேள்விகள், கையில் மதிப்பெண் தாள், இப்படித்தான் இப்போது பெரும்பாலும் நடக்கிறது. ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இருவர் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் எழுதினார்கள், இப்படி ஒரே முறையில் கேட்கும் நேர்காணல், சும்மா பேசிப் பார்ப்பதைவிட ஆளின் வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது என்று அதில் வந்தது. மதிப்பெண் தாளில் நான் தேடுவது நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு, இந்த நான்கும்தான். பலர் நிலைமையை மட்டும் நான்கு நிமிஷம் விவரித்துவிட்டு "அப்படியே சரியாகிவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். யார் சரிசெய்தது? அதுதானே எனக்கு வேண்டும்.

பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்பதற்கு முதலாளியைத் திட்டாதீர்கள், நிஜமாகவே கெட்டவராக இருந்தாலும். இங்கே தீவு சின்னது, எதிரே இருப்பவருக்கு அவர் சம்பந்தியாகக்கூட இருப்பார்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் அடிப்படைச் சம்பளமா, கையில் வருவதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிஎஸ்ஜி, அதாவது சமூகப் பாதுகாப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை, மாதச் சம்பளம் 50,000 ரூபாய் வரை என்றால் 1.5 சதவீதம், அதைத் தாண்டினால் 3 சதவீதம். வருஷக் கடைசி போனஸ் சட்டப்படி தர வேண்டியது, அதைச் சலுகை மாதிரிக் காட்டி அடிப்படையைக் குறைத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

மோக்கா டீச்சர்:

எனக்கு நடந்தது தமிழ் ஆசிரியர் வேலைக்கு. மூன்று பேர் இருந்தார்கள். "வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளை எதற்குத் தமிழ் படிக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். தொன்மையான மொழி, இனிமையான மொழி என்று நான் தயார்செய்து வைத்ததெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தொண்டையிலேயே நின்றுவிட்டது, எனக்கு முன்னால் போனவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள். பர்ஸைத் திறந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். இந்த நாட்டு நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, பிள்ளை தினம் அதைக் கையில் பிடிக்கிறது, என் முதல் பாடம் இதில் எழுதியிருப்பதைப் படிக்க வைப்பது, இரண்டாவது பாடம் கோயில் வாசலில் இருக்கும் பெயரைப் படிக்க வைப்பது என்றேன். அப்புறம் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் பேச்சு போனது, முக்கால் மணி நேரம். முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல. ஆனால் வகுப்பில் அதை நான் முன்பே செய்திருந்தேன், அதனால்தான் கை தானாகப் பர்ஸுக்குப் போனது.

காத்ர்போர்ன் அக்கா:

எல்லாரும் நல்லதாக எழுதுகிறீர்கள், நான் ஒரு கசப்பையும் வைக்கிறேன். ஒரு இடத்தில் "கல்யாணம் எப்போது, அப்புறம் குழந்தை என்று லீவு போடுவீர்களா" என்று கேட்டார்கள். 2008இல் வந்த சம வாய்ப்புச் சட்டம் 2012இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, திருமண நிலையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அங்கே சட்டம் பேசவில்லை. "வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், ஷிப்ட் முறையில் நான்கு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், சொல்லாமல் ஒரு நாளும் நின்றதில்லை" என்று மட்டும் சொன்னேன். கூப்பிடவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான். தங்கச்சிகளே, பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில இடத்தில் கேள்வியே தப்பாக இருக்கும், அதை உங்கள் தோல்வியாக வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

புதுசாக வந்தவன்:

அண்ணா, எனக்கு வரும் வியாழக்கிழமை ஒரு ஓட்டலில் நேர்காணல். விடுமுறை நாளிலும் வர முடியுமா என்று கட்டாயம் கேட்பார்களாம். நான் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன், பத்து நாள் விரதம். எல்லா நாளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

ரோஸ்ஹில்காரன்:

வேண்டாம் தம்பி, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்து நிற்கும்போது மானம் போகும். என் நேர்காணலில் நான் இப்படிச் சொன்னேன்: காவடி நாள் ஒன்று மட்டும் எனக்கு வேண்டும், விரத நாட்களில் வழக்கம்போல வேலைக்கு வருவேன், அதற்குப் பதில் டிசம்பர் 25உம் ஜனவரி 1உம் நானே நிற்கிறேன், அந்த இரண்டு நாளும்தான் உங்களுக்கு ஆள் பஞ்சம். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார், இன்று வரை அப்படியே நடக்கிறது. பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல், நடுவில் ஆங்கிலத்துக்கு மாறினால் நீயும் மாறு, சொல் வரவில்லை என்றால் கேட்டுவிட்டு மாறு, தப்பில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா, அக்கா மகனும் வருகிறான், இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்து நான் கேட்கிறேன். சிவியைக் கொண்டுவராதே.