மீன் நிறைய இருந்தால் கடல் நலமாக இருக்கிறதா? மும்பையில் நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

தாராவி_90அடி:

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பும் நேரத்தில் மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக் போனவர்களுக்குத் தெரியும், விடிவதற்கு முன்பே கால் வைக்க இடம் இருக்காது. நான் அங்கே ஐஸ் இறக்கப் போகிறவன். போன ஆகஸ்டில் ஒரு இழுவைப் படகிலிருந்து பாப்லெட் கூடை வந்தது. நம் ஊரில் வாவல் என்போமே, அதுதான். தராசில் எடை சரியாக நின்றது, விலையும் படிந்துவிட்டது. தரையில் பரப்பிய பிறகுதான் கவனித்தேன். அத்தனையும் உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சுகள்.

வாங்கிய மாவ்ஷி, அதாவது மராத்தி மீன்காரம்மா, ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் வயிற்றைத் தலையில் இருந்து வால்பக்கமாக அழுத்திக் காட்டினார். ஒன்றும் வரவில்லை. சினை பிடிக்கிற வயசே அதற்கு ஆகவில்லை. "முன்னாடி இதே எடைக்கு மீனை எண்ணிவிடலாம், இப்போது எண்ண முடியவில்லை" என்று மராத்தியில் சொன்னார். அப்புறம் அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மீனின் மொத்த எடையை, அதாவது பயோமாஸைப் பார்க்கிறார்கள். எடை மாறவில்லை, மீன் மாறிவிட்டது. அப்படியென்றால் அந்த எடை நமக்கு எதைத்தான் சொல்கிறது?

சிலேட்டும்_பென்சிலும்:

என் அனுபவம் நேர்மாறானது. மும்பை வெர்சோவாவில் மீன்வளம் படித்துக்கொண்டிருந்தபோது மன்னார் வளைகுடாவில் மீன் கணக்கெடுப்புக்குப் போனேன். 50 மீட்டர் நாடாவைப் பவளப்பாறைமேல் விரித்துவிட்டு, இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை மீட்டருக்குள் தெரிகிற மீனை எல்லாம் இனம், நீளம் வாரியாகச் சிலேட்டில் குறிக்க வேண்டும். கிளிமீன் சில, மற்றபடி எல்லாம் விரல் நீளப் பொடிகள்.

நாடா முடியப்போகிற இடத்தில் பாறை இடுக்கிலிருந்து ஒரு களவா மீன் வெளியே வந்து நின்றது. ஓடவில்லை. வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. சிலேட்டை அதற்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு சிலேட்டு நீளம், 60 செ.மீ. இருக்கும்.

கரைக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் அந்த ஒரு மீன் என்ன செய்தது என்று புரிந்தது. மீனின் எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 10 செ.மீ. மீனைவிட 60 செ.மீ. மீன் நீளத்தில் ஆறு மடங்கு, எடையில் இருநூறு மடங்குக்கு மேல். நாங்கள் பார்த்த பரப்பு 250 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேரில் நாற்பதில் ஒரு பங்கு. களவா மூன்றரைக் கிலோ என்றால், ஹெக்டேருக்கு 140 கிலோவை அது ஒன்றே கூட்டிவிடுகிறது. உலகெங்கும் 800-க்கு மேற்பட்ட பவளப்பாறைகளை வைத்து 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, மீன்பிடியே இல்லாத பாறையில் சராசரியாக ஹெக்டேருக்கு 1,000 கிலோ அளவில் மீன் இருக்கும் என்று கணித்தது. மீன்பிடிக்கப்படுகிற பாறைகளில் 83 சதவீதத்தில் அதில் பாதிகூட இல்லை.

பெரிய மீன் போனால் அந்த எண் சடசடவென்று சரியும். அதனால்தான் அதை நம்புகிறேன்.

தூத்தூர்க்காரன்:

தாராவி அண்ணாச்சி, நீங்கள் பார்த்தது பிடிபட்ட மீன். கடலில் மிச்சம் கிடக்கிறது வேறு கணக்கு. அதுவும் ஜூன், ஜூலை தடை முடிந்த முதல் வாரத்துக் குவியலை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. இரண்டு மாதம் இழுவைப் படகு தொடாத கடலில் குஞ்சு நிறையத்தான் விழும். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதை தெரியும்தானே? மீன் குறையக் குறைய ஒரே இடத்தில் திரண்டது. படகுகள் அங்கேயே போய் அள்ளின. பிடி நன்றாக இருக்கிறது, கடலிலும் மீன் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். 1992-இல் பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

என் விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் இங்கே ஒரு படகில் தண்டேல், படகை நடத்துகிறவர். ஒருமுறை கரைக்கு வந்ததும் கிடங்கைத் திறந்தார்கள். மேலிருந்து அடிவரை கிளாத்தி மீன். கருநீல உடம்பு, பல் மட்டும் சிவப்பு. எடைக்குக் குறைவே இல்லை. ஆனால் போகிற இடம் மீன்மாவு ஆலை. டீசல் காசுக்காவது தேறுமா என்று கேட்டேன். மச்சான் பதில் சொல்லவில்லை, ஒரு கிளாத்தியை வாலைப் பிடித்துத் தூக்கி என் கையில் வைத்தார்.

சிலேட்டுத் தம்பி, நீங்கள் எடையை நம்புகிறீர்கள். இந்தக் கிடங்கின் எடையையும் நம்புவீர்களா? பேத்தை மீன் கதையையும் பாருங்கள். கேரளக் கடலில் பேத்தை பெருகி வலையைக் கடித்துக் குதறியபோது, அதைத் தின்கிற கடல்விரால் குறைந்ததே காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். தின்கிற மீன் போய்விட்டது, தின்னப்படுகிற மீன் பெருகிவிட்டது. மொத்த எடையை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

செம்பூர்_மீனாட்சி:

எங்கள் மார்க்கெட்டில் குஞ்சு வாவலை என்ன விலை என்று கேட்காமல், "இது எந்த வலையில் வந்தது?" என்று கேட்டேன். அந்த அம்மா கூடையைத் துணிபோட்டு மூடிவிட்டார். அவர் முகம் போன விதம் இன்னும் உறுத்துகிறது.

எல்லாரும் ஒன்று செய்யுங்கள். வாவலை மகாராஷ்டிரா 2023-இல் மாநில மீனாக அறிவித்தது. அதே ஆண்டு 54 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளமும் வைத்தார்கள். அந்தப் பட்டியலைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சின்ன மீன் எல்லாம் குஞ்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நெத்திலி வளர்ந்தாலும் அவ்வளவுதான், சீக்கிரம் சினை வைத்துவிடும், தாராளமாக வாங்கலாம். வஞ்சிரம், வாவல், களவா என்று பெரிதாக வளரக்கூடியதைக் குட்டியாகப் பார்த்தால் விட்டுவிடுங்கள். தடைக்காலத்தில் "இன்று வந்த கடல் மீன்" என்றால் எந்தப் படகு என்று கேளுங்கள், இயந்திரம் இல்லாத சிறு நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. இல்லாவிட்டால் கெண்டை, ரோகு வாங்குங்கள், கருவாடும் இருக்கிறது. விற்கிறவரிடம் சண்டை மட்டும் வேண்டாம். வலைக்கண் எவ்வளவு சின்னது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை.

தூத்தூர்த் தம்பி, கிளாத்தி வந்தது உங்கள் மச்சான் குற்றம் இல்லை. அது சரி, வேறு மீனைத் தேடி இன்னும் தூரம் போவதும் வழி இல்லையே?

சிலேட்டும்_பென்சிலும்:

தூத்தூர் அண்ணே, கிளாத்திக் கிடங்கைக் காட்டி மடக்கிவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். மொத்த எடையை மட்டும் யாரும் பார்க்கக்கூடாது. வேட்டை மீன் எவ்வளவு, பாசி தின்பது எவ்வளவு, எந்த நீளத்தில் எவ்வளவு என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும். மாவ்ஷியின் கட்டைவிரல் சொன்னதும் அதுதான்.

மும்பைக் கடல் கலங்கல், சிலேட்டோடு இறங்கினால் கை தெரியாது. இங்கே ஆய்வுக் கப்பல் வலை இழுத்துத்தான் பார்க்க முடியும். 15 மீட்டர் விரிகிற வலையை மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் சுமார் 8 ஹெக்டேர். வந்த மீனைப் பரப்பால் வகுத்து, வலையில் சிக்காமல் தப்பியதற்கும் ஒரு கணக்கு வைப்பார்கள். படகுக்காரர்களிடம் கேட்க வேண்டியதும் அந்த நேரத்தைத்தான். எத்தனை கிலோ என்பதோடு, எத்தனை மணி நேரம் இழுத்து, எவ்வளவு தூரம் போய்.

தூத்தூர்க்காரன்:

மச்சானிடம் கேட்டேன். எங்கே வலை போட்டது, எப்போது தூக்கியது, என்ன வந்தது என்று ஓட்டத்துக்கு ஓட்டம் நோட்டில் எழுதி வைக்கிறாராம். பழைய நோட்டுகளும் ஊரில் கிடக்கின்றன. அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லிவிட்டேன். தம்பி, உங்களால் அதைக் கணக்காக்க முடியுமா? அண்ணாச்சி, நீங்களும் டாக்கில்தானே இருப்பீர்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.